மஞ்சள் ஜெர்சி: வாங்கும் முன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்

சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், தோனியின் எண்ணான 7 பொறித்த சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்சியை 450 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஒரிஜினல்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உரிமம் பெற்ற தயாரிப்பு என்பதற்கான அட்டையோ முத்திரையோ அதில் இல்லை. துணியில் குறை சொல்ல முடியாது. மெல்லிய பாலியஸ்டர், துவைத்தால் விரைவில் காய்கிறது. அச்சுதான் மோசம்: சில சலவைகளிலேயே எண்ணின் ஓரங்கள் வெடித்து உரியத் தொடங்கிவிட்டன.

சப்ளிமேஷன் முறையில் அச்சிட்டால், சூட்டில் மை ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே இறங்கிவிடும். அத்தகைய ஜெர்சியைத் தடவினால் எண் விரலில் தட்டுப்படாது. பெரும்பாலும் வெள்ளைத் துணியில் அச்சிடுவதால் உட்புறம் வெளிறியிருக்கும். எனக்குக் கிடைத்ததோ வினைல் தாளில் வெட்டி, சூடான அழுத்தத்தில் ஒட்டிய எண். ஒழுங்காக ஒட்டினால் அதுவும் நெடுநாள் நிற்கும். இங்கே ஒழுங்காக ஒட்டவில்லை.

அம்மாப்பேட்டைத் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் இது. பட்டுப்புடவை என்றால் முந்தானையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, சாயம் போகுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் நாம், மஞ்சளையும் 7-ஐயும் கண்டால் எதையும் கேட்பதில்லை. ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, அருகில் நின்ற இளைஞர் ஒருவர், “தல ஜெர்சியையே குறை சொல்றீங்களே அண்ணா” என்று உண்மையான வருத்தத்துடன் கேட்டார். அந்த அன்பை நான் மதிக்கிறேன். எனக்கும் அது உண்டு. ஆனால் 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு அணியிடம் 50 ரன்னில் தோற்ற ஆட்டத்தில், தோனி ஏன் ஒன்பதாவதாக இறங்கினார் என்று கேட்டவர்களையும் இப்படித்தான் துரோகிகளைப் போல் பார்த்தார்கள். அந்தப் பருவத்தில் அணி முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடிந்தது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுத் தடையின்போதும் விலகாமல் காத்திருந்த ரசிகர்களுக்கு, அணியிடமும் அணியின் பெயரில் விற்பவரிடமும் கேள்வி கேட்கும் உரிமை மற்றவர்களைவிட அதிகம் என்றே நான் கருதுகிறேன்.

பில் இருந்ததால், நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். அதே கடையின் உள்வரிசையில் 600 ரூபாய்க்குச் சப்ளிமேஷன் ஜெர்சி இருக்கிறது, தையலும் நேர்த்தியாக உள்ளது. கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.