பழைய கணினிக்கு எது: விண்டோஸ் 10-ஆ, மின்ட்டா, குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸா?

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: “நல்லா ஓடுற சிஸ்டத்தைத் தூக்கிப் போடணுமா?” வேண்டவே வேண்டாம். அதில் என்ன வேலை நடக்கிறது என்று மட்டும் முதலில் பாருங்கள்.

விண்டோஸ் 11-ஐ இப்போதே ஒதுக்கிவிடலாம். இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களில் ஏறக்குறைய எதையும் அது ஏற்பதில்லை. ரூஃபஸ் என்ற இலவசக் கருவி கொண்டு தடையைத் தாண்டிப் போடலாம். ஆனால் தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உறுதி கிடையாது. கோர் 2 டுவோ போன்ற மிகப் பழைய பிராசசர் உள்ள பெட்டியில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது.

வீட்டுக் கணினி என்றால் என் ஓட்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு, அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு. அப்பாவின் டெஸ்க்டாப்பில் 3-ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். பட்டனை அமுக்கிவிட்டுக் காபி போடப் போவார். குடித்து முடித்த பிறகும் டிஸ்க் விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டி, மின்ட் 22 போட்டேன். இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திரை தயார். பாதிப் புண்ணியம் எஸ்எஸ்டிக்குத்தான், அதையும் சொல்ல வேண்டும். 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், காசு கிடையாது. அவர் முதலில் கேட்டது தமிழ்99 விசைப்பலகை எங்கே என்றுதான். லினக்ஸில் பிற மொழிகளைத் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் பழைய வேகத்திலேயே தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரே குறை, பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் 4 ஜிபி திணறுகிறது. முடிந்தால் 8 ஆக்கிவிடுங்கள்.

கூகுளின் இலவச இயங்குதளமான குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ், பிரவுசரைத் தவிர வேறெதையும் தொடாதவர்களுக்கு. பராமரிப்பு வேலையே இல்லை. ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது. விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் இதையும் போட முடியாது, டிஸ்க் முழுக்க அழிந்துவிடும்.

கடை, அலுவலகம் என்றால் கதை வேறு. டேலி, ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டிடிபி கடையின் பேஜ்மேக்கர் இவையெல்லாம் பெரும்பாலும் விண்டோஸை நம்பியவை. லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் வைன் வழியாக ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் அந்தப் பரீட்சை வேண்டாம். விண்டோஸ் 10-லேயே இருந்து, நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் இலவசம். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர். புதுக் கணினிக்குப் பணம் சேர்க்க அந்த ஓராண்டு உதவும்.

மின்ட் என்று முடிவு செய்தாலும் உடனே இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். பென்டிரைவிலிருந்து லைவாக ஓட்டி, வைஃபை, ஸ்பீக்கர், முக்கியமாகப் பிரிண்டரைப் பாருங்கள். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் படாதபாடு படுத்தும். ஒரு பக்கம் அச்சடித்துக் கையில் வந்த பிறகு, போட்டோக்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.