பிளாங்டனும் ஒயின் குளிர்பெட்டியும்: பினாங்கு பாயான் லெப்பாஸ் வீட்டிலிருந்து ஓர் அனுபவம்

கிள்ளானிலிருந்து அக்கா மகன் கேட்டிருந்தான்: "மாமா, ஆட்டினா நீலமா மின்னுற பிளாங்டன் பாட்டில் விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா? நீங்கதான் ரொம்ப நாளா வளக்குறீங்களே." நான் அதை வைத்திருக்கும் குளிர்பெட்டியின் காற்றாடி போய், பழுது பார்த்து, பில்லும் கட்டிய வாரத்தில் கேட்டான். பதிலில் காரம் தூக்கலாக இருந்தால் அதற்கு அவன் பொறுப்பல்ல.

பாட்டிலில் இருப்பது பைரோசிஸ்டிஸ் ஃபியூசிஃபார்மிஸ் என்ற, கடலில் மிதக்கும் சின்ன உயிரி. ஒரே செல்தான், ஆனால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளம் என்பதால் பகலில் டார்ச் அடித்தால் கண்ணுக்கே தெரியும், ரவை மிதப்பது மாதிரி. நன்றாக இருட்டிய அறையில், கண்ணும் இருட்டுக்குப் பழகிய பிறகு, பாட்டிலை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் திரும்பும் இடமெல்லாம் நீலம் கோடு கோடாக ஓடும். அசைவு பட்டதும் செல்லுக்குள் இருக்கும் நுண்பைகளில் அமிலம் ஏறுகிறது. லூசிஃபெரின் என்ற ஒளிப்பொருளும் அதன் நொதியும் சேர்ந்து ஒரு மின்னல் வெட்டிவிட்டு அடங்குகின்றன. இத்தனை நாள் ஆகியும் எனக்கு இது அலுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதெல்லாம் புலம்பல்.

பினாங்குச் சூடு இதற்கு ஆகாது. 20 முதல் 24 டிகிரிக்குள் இருந்தால் சுகமாக இருக்கும். எங்கள் ஹாலில் மத்தியானம் 31, 32. ஒரு பாட்டிலுக்காக இரவு பகலாக ஏர்கோன் ஓட்ட நான் டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரன் இல்லை. அதனால்தான் சின்ன ஒயின் குளிர்பெட்டி ஒன்று வாங்கி, உள்ளே எல்இடி விளக்கு ஒட்டி, டைமர் போட்டேன். குளிர்ச்சியில் குறை சொல்ல மாட்டேன். என் ஆத்திரமெல்லாம் அதன் முகப்பில் வெப்பநிலை காட்டும் அந்த இரண்டு எண்கள் மேல்தான். அவை நீல நிறம். அணைக்கப் பொத்தான் கிடையாது. கதவைத் திறந்து பாட்டிலைத் தொடுவதற்குள் அந்த நீலம் கண்ணில் அறைந்துவிடும். கண் கூசுவதோடு போகவில்லை. வெளிச்சம் பட்டால், அதிலும் நீல வெளிச்சம் பட்டால், இந்த உயிரியின் மினுக்கமே மங்கும். கறுப்பு வயர் டேப் ஒட்டினேன். பெட்டி வேர்க்க வேர்க்க ஓரம் பிரியும், 22-இன் வால் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். மறுபடி ஒட்டுவேன். போன வாரம் காற்றாடி மாற்ற வந்த புண்ணியவான் அத்தனை டேப்பையும் உரித்து, பிசினைக்கூட மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, "டிஸ்பிளே இப்ப பளிச்சினு தெரியும் அண்ணே" என்றார். நன்றி சொல்லிக் காசு கொடுத்தேன்.

அடுத்தது நேரம். விற்றவர் "எப்போது ஆட்டினாலும் ஒளிரும்" என்று எழுதியிருந்தார். சுத்தப் பொய். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று அதற்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் பகலில் நீங்கள் தலைகீழாக நின்றாலும் மின்னாது. எனக்கோ தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வரும்போது பார்க்கலாமே என்று டைமரைத் திருப்பிப் போட்டால், சில நாளில் அதுவும் ஒத்து வரும். ஒத்து வருவதற்குள் எனக்கு மார்னிங் ஷிஃப்ட் போட்டுவிடுவார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். நாலைந்து தடவை ஆட்டினால் சரக்கு தீர்ந்துவிடும், அப்புறம் மறுநாள் இரவுதான். யாராவது வீடியோ பார்த்துவிட்டு வினிகர் விடச் சொன்னால் கேட்காதே தம்பி. பாட்டில் முழுக்க ஒரேயடியாக எரியும், அதோடு எல்லாம் செத்துவிடும்.

"உங்க மீன் தொட்டியிலேயே ஊத்திடலாமே மாமா?" என்றும் கேட்டான். கூடாது. பம்பு ஓயாமல் அடிப்பதில் மின்னி மின்னியே ஓய்ந்துவிடும். மிச்சத்தை, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இழுக்கும், பவளம் தின்னும். நீல விளக்கின் கீழ் பச்சையாகத் தெரியும் பவளத்தைக் கடைக்காரர் "ஒளிரும் பவளம்" என்று விற்பது வேறு சங்கதி. அது நீலத்தை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். விளக்கை அணைத்தால் அதுவும் அணையும். அந்த மாதிரிப் பச்சைப் புரதத்தை ஒரு ஜெல்லி மீனில் கண்டுபிடித்த ஷிமோமுராவுக்கு, இன்னும் இருவரோடு சேர்த்து, 2008-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கண்ணுக்குக் கீழே பாக்டீரியாப் பையை வைத்துக்கொண்டு மின்னும் ஃபிளாஷ்லைட் மீன் பக்கமே போகாதே. இரை குறைந்தால் பாக்டீரியா மங்கும், கையில் மிஞ்சுவது பகலெல்லாம் ஒளிந்து கிடக்கும் ஒரு கறுப்பு மீன்.

ஆனால் என் தொட்டியில் நிஜமாகவே ஒன்று ஒளிர்கிறது, காசு கொடுக்காமல் வந்தது. கரண்டு போன ஒரு ராத்திரி, தொட்டித் தண்ணீரை வடிகட்டும் சம்ப்பில் கிடந்த லைவ் ராக்கை, அதாவது கடலுயிர்கள் ஒட்டியிருக்கும் கல்லை, இடம் மாற்றினேன். விரல் பட்ட இடத்தில் இழை போன்ற ஒரு கை பச்சையாக வெட்டிவிட்டுப் பொந்துக்குள் போனது. ஆம்ஃபிஃபோலிஸ் ஸ்குவாமாட்டா என்ற குட்டி நொறுங்கு நட்சத்திரம், நட்சத்திர மீனுக்குச் சொந்தம். கல்லோடு ஒட்டி வந்து, குஞ்சைத் தன் உடம்புக்குள்ளேயே வளர்த்துப் பெருகிவிடும். குளிர்பெட்டியும் வேண்டாம், டைமரும் வேண்டாம், வீட்டுச் சொந்தக்காரன் பார்க்க வேண்டும் என்ற அக்கறையும் அதற்கு இல்லை.

கடலில் பார்ப்பதற்கும் இதற்கும் ஒப்பே கிடையாது. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஹோட்டல் வெளிச்சம் கெடுக்கும். தெலுக் பஹாங் தாண்டி, நிலா இல்லாத இரவில், தெரிந்த படகுக்காரரோடு போனால் வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை. கிடைத்த அன்று மீன் ஓடும் தடமே தெரியும். இந்த மின்னலே அதற்குத்தான் என்கிறார்கள்: தன்னைத் தின்ன வரும் குட்டி இறாலினத்தை அதைவிடப் பெரியதற்குக் காட்டிக்கொடுக்க. பாட்டிலில் திருடனும் இல்லை, போலீசும் இல்லை, ஆட்டுவதற்கு நான் மட்டும்.

மதிப்பெண் கேட்டான். ஐந்துக்கு இரண்டு. பில் இன்னும் மேசை மேல் கிடக்கிறது, அதனால் இரண்டு. அந்த விலையிறக்கத்தில் ஏமாந்து வாங்காதே. தீபாவளிக்கு வரும்போது ஐஸ் பெட்டி ஒன்று எடுத்து வா, என் பாட்டிலில் பிளாங்டன் பெருகி அடர்த்தியாகிவிட்டது, பாதியைப் பிரித்துத் தருகிறேன். குளிர்பெட்டி வாங்குவதாக இருந்தால் கடையிலேயே கேட்டுவிடு, டிஸ்பிளே அணையுமா என்று.