அரசு பல் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைவாய்ப்பல்

அம்மாவுக்கு வயது 61, பத்து வருடமாகச் சர்க்கரை. கீழ் வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப்பல் சொத்தையாகி, ஏறக்குறைய இரண்டு வருடமாக அந்தப் பக்கம் மெல்லாமலே சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி பல்லில் கிராம்பை வைத்துக்கொண்டு படுப்பதை என் மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். தனியார் கிளினிக்கில் காட்டினோம். ரூட் கெனாலுக்கு, அதாவது பல்லைப் பிடுங்காமல் வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பதற்கு 5,500, மேலே போடும் கேப்புக்கு 4,500, ஆக ஒரு பல்லுக்குப் பத்தாயிரம். "பிடுங்கிப் போட்டா போச்சு, எதுக்கு இவ்வளவு காசு" என்று அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அடுத்து எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையின் பல் பிரிவு. ஒரே ஒரு டாக்டர், வெளியே பெஞ்சில் நாற்பது பேர். அவர் பார்த்துவிட்டு, "ரூட் கெனால் பண்ண இங்கே பொருள் இல்லைம்மா, வலி போகணும்னா எடுத்துடலாம்" என்றார். அந்த ஒற்றை ஆளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. பிடுங்குவது இலவசம், அன்றைக்கே வேலை முடிந்துவிடும், அதனால் காப்பாற்றக்கூடிய எத்தனை பல்லை நம் ஜனங்கள் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்! நல்ல வேளை, அவரே "பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்கே காப்பாத்திடுவாங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று இருக்கின்றன. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்தில் ஒன்று, புதுக்கோட்டையில் 2023-இல் திறந்த ஒன்று. நாங்கள் போனது எது என்று இங்கே எழுதவில்லை, அம்மாவுக்கு அங்கே சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நான் சில குறையும் சொல்லப் போகிறேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் முழுக்க அலைச்சல். காலை ஏழரைக்கே போய் வரிசையில் நின்று ஓபி சீட்டு வாங்கி, முதலில் ஒரு பிரிவில் வாயைச் சோதித்து எழுதிக் கொடுக்க, எக்ஸ்ரேக்கு ஒரு மாடி, பிரஷரும் சர்க்கரையும் பார்க்க ஒரு இடம், அப்புறம் ரூட் கெனால் பிரிவுக்கு இன்னொரு மாடி. அந்தப் பிரிவின் கதவில் 'கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி' என்று ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிராமத்தில் இருந்து வந்த ஒரு பெரியவர் அதே கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு "பல் அடைக்கிற ரூம் எதுப்பா" என்று என்னிடம் கேட்டார். 'பல் அடைத்தல், வேர் சிகிச்சை' என்று ஒரு போர்டு வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? முதல் நாள் எக்ஸ்ரே எடுத்துத் தேதி வாங்கியதோடு சரி, வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு.

ஆனால் இரண்டாவது நடையில் இருந்து நான் பார்த்தது வேறு. அம்மாவுக்குச் செய்தது பிஜி படிக்கும் ஒரு பெண் டாக்டர், அதாவது பல் மருத்துவப் பட்டமான பிடிஎஸ் முடித்துவிட்டு மேற்படிப்பான எம்டிஎஸ் படிக்கிறவர். "அம்மா, வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் நிறுத்திடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மரத்துப்போகும் ஊசி போட்டார். இரண்டு முறை அம்மா கையைத் தூக்கினார், இரண்டு முறையும் நிறுத்தினார். பல்லுக்குள் விடும் மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, அதை ஒரு குட்டி ஸ்கேலில் வைத்து நீளம் பார்த்து, குறித்துக்கொண்டு, அப்புறம்தான் உள்ளே விடுகிறார். அந்தப் பல்லில் மூன்று கால்வாய், மூன்றுக்கும் இப்படியே.

மூன்றாவது நடையில் கால்வாய்களை அடைத்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். பேராசிரியர் வந்து படத்தைப் பார்த்தார், பேனா முனையால் ஒரு வேரைத் தொட்டுக் காட்டி, "இது மூணு மில்லிமீட்டர் குறைவா நிக்குது, எடுத்துட்டுத் திரும்பப் பண்ணு" என்றார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது, மணி அப்போதே பன்னிரண்டு. ஆனாலும் அடைத்ததை முழுக்க எடுத்து, மறுபடி கழுவி, மறுபடி அடைத்து, மறுபடி படம் எடுத்து, பேராசிரியர் தலையசைத்த பிறகுதான் அம்மாவை எழுப்பினார். படிக்கிற பிள்ளைகள் நம் வாயில் கற்றுக்கொள்வார்கள் என்று பயந்து இங்கே வராமல் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் மேலே ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார், நேரம் ஆவதும் அதனால்தான்.

பணம் என்று பார்த்தால் ஊசி, எக்ஸ்ரே, ரூட் கெனால் எதற்கும் நாங்கள் கொடுக்கவில்லை. கேப்புக்கு மட்டும் ஒரு தொகை கட்டி ரசீது வாங்கினோம், அது கிளினிக்கில் கேப்புக்குக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு மட்டும்தான். ஆனால் நான்கு நாள் லீவு போட்டேன். எனக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. கட்டட வேலைக்குப் போகிறவருக்கு நான்கு நாள் என்பது நான்கு நாள் கூலி, அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் "இன்னைக்கே எடுத்துடுங்க சார்" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். வயது முப்பது இருக்கும். சாயங்கால ஓபி ஒன்று வாரத்தில் இரண்டு நாள் இருந்தால்கூட அந்தப் பல் தப்பித்திருக்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் மயங்கிய ஒரு அம்மாவை நானே பார்த்தேன். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் முக்கியமாக, முதல் இரண்டு நடையிலேயே வலி போய்விடும், போய்விட்டதே என்று நின்றுவிடாதீர்கள். உள்ளே வைத்திருப்பது தற்காலிக அடைப்பு, அது பெயர்ந்தால் கிருமி மறுபடி இறங்கிவிடும். கேப் போடாமல் விட்டால் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது கடைவாய்ப்பல் இரண்டாகப் பிளந்துவிடலாம்.

கேப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அம்மா வலது பக்கம் மெல்கிறார். இடது பக்க மேல் பல்லிலும் சொத்தை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், வருகிற செவ்வாய்க்கிழமைக்குத் தேதி. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பல் வலியாம், என்னை லீவு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அம்மாவே அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்.