இருங்காட்டுக்கோட்டையா, போனா?

டூரிங் கார் ரேஸை (ரோட்டில் ஓடும் கார் மாடல்களை மாற்றி ஓட்டும் போட்டி) சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நேரில் பார்க்கலாமா, பிரிட்டிஷ் தொடரைப் போனிலேயே பார்க்கலாமா என்று வேலூர் நண்பர்கள் கேட்கிறார்கள். வேறு வழி குறைவு: டபிள்யூடிசிஆர் என்ற உலகத் தொடர் 2022-லேயே முடிந்தது, ஜெர்மனியின் டிடிஎம் தொடர் 2021-ல் ஜிடி3 எனும் ஸ்போர்ட்ஸ் ரேஸ் கார்களுக்குத் தாவிவிட்டது.

செலவு: அங்கே சென்னை பஸ் டிக்கெட், வெயில் (நமக்கென்ன புதுசா!). போனுக்கு டேட்டா.

கார்: இருங்காட்டுக்கோட்டையில் போலோ, ஹோண்டா சிட்டி. ஆற்காடு ரோட்டில் ஓடுகிற மாடல்தான். உள்ளே சீட்டையெல்லாம் கழற்றி இரும்புக் கூண்டு அடித்திருப்பார்கள். பிரேக் தீயும் வாடை மூக்கில் ஏறும். போனில் ஏது?

போட்டி: பிரிட்டிஷ்தான். ஒரே நாளில் 3 ரேஸ், கதவோடு கதவு உரசல்.

மெக்கானிக் வேலை பழகுபவர் பஸ் ஏறட்டும். முந்துவதை மட்டும் ரசிப்பவருக்குப் போன் போதும்.