பேண்ட்சாவுக்குப் புது வாள் வாங்குறவங்க கவனத்துக்கு

திருநெல்வேலியில் ஒரு கடையில் பேண்ட்சாவுக்கு (வளையமான பட்டை வாள் சுற்றி மரம் அறுக்கிற மெஷின்) பைமெட்டல் (இரண்டு வகை இரும்பை ஒட்டிச் செய்த வாள்) விலை வாங்கிக்கொண்டு கொடுத்த 1 அங்குல வாள், வேப்பம் பலகையில் 2 அடி போவதற்குள் வரைந்த கோட்டை விட்டு 2 நூல் (கால் அங்குலம்) இடப்பக்கம் ஓடுகிறது. கேட்டால், "புது வாளு அண்ணாச்சி, ரெண்டு நாள் ஓட்டுங்க, பதமாயிரும்" என்கிறார்கள். பதமாகாது. பைமெட்டல் வாளை முதலில் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டுவது பல்நுனி உதிராமல் இருக்கத்தான். ஒருபக்கம் இழுக்கிற வாள் ஓட ஓட மழுங்குமே தவிர நேராகாது.

வெர்னியரில் அளந்தால் அகலம் 22 மில்லிதான் இருக்கிறது. 1 அங்குலம் என்றால் 25க்கு மேல் இருக்கணும். பல்குழியில் சாணைக்கல் சுட்ட நீலத் தடம். அதாவது, ஓடித் தேய்ந்த வாளைச் சாணை பிடித்து, எண்ணெய் தடவிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். பைமெட்டலில் பல்நுனி தனி இரும்பு. பொடி எமரித் தாளால் தேய்த்தால் பல்நுனிக்குச் சற்றுக் கீழே மெல்லிய கோடு தெரியும். இதில் கோடே இல்லை. செட்டிங்கிலும் (பல்லை இருபக்கமும் மாறி மாறி விரித்திருப்பது) இடப்பக்கப் பல் கூடுதலாக விரிந்திருக்கிறது. இழுப்புக்குக் காரணம் அதுதான். வாளின் இரு முனையையும் ஒட்டிய ஜாயிண்டில் முதுகு ஒரே நேராக இல்லாததால் ஒவ்வொரு சுற்றுக்கும், வாளைப் பின்னால் தாங்குகிற பேரிங்கில் 'டிக்' என்று தட்டுகிறது. இப்படித் தட்டுகிற வாள் பெரும்பாலும் அந்த ஜாயிண்டிலேயே அறும்.

வாளைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போகும் முன் மெஷினைப் பார்த்துவிடுங்க, முதல் கேள்வி அதுதான் வரும். மேஜைப் பக்கம் பல் கீழ்நோக்கி இருக்கிறதா? சுருளைப் பிரிக்கும்போது வாள் உள்வெளியாகப் புரண்டுவிடும். அப்படியே மாட்டினால் அறுக்காது, மரம் கருகும். கையுறை போட்டுத் திருப்பி மாட்டினால் போதும். வாளை இருபக்கமும் பிடிக்கிற பக்கக் கைடு பல்குழிக்குப் பின்னாலேயே நிற்கணும், ஒரு தாள் இடைவெளியோடு. பல்லில் உரசினால் அந்தப் பக்கத்துச் செட்டிங் போச்சு, பிறகு கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. 6 அங்குலக் கனத்துக்கு அங்குலத்துக்கு 3 பல் போதும். 10 பல் வாளைப் போட்டால் தூள் அடைத்துச் சூடாகும், அது வாளின் குற்றமில்லை. எல்லாம் சரி என்றால், நன்றாக அறுத்த பழைய வாளை மாட்டி அதே பலகையை ஓட்டுங்க. அது நேராகப் போனால் மெஷினில் கோளாறு இல்லை.

சோதிக்கப் பனையை எடுக்காதீங்க. வைரம் பாய்ந்த பனை நல்ல வாளையே மழுக்கிவிடும், "நீங்கதான் கெடுத்தீங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். விரிந்த பக்கத்தில் எண்ணெய்க்கல்லை லேசாக ஒற்றினால் இழுப்பு குறையும் என்பது உண்மைதான். ஆனால் கல் பட்ட வாளை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. மாற்றித் தர மாட்டோம் என்று அவர்கள் கைவிரித்த பிறகு செய்யுங்க.

இந்தப் பில்லில் இருப்பது 'பிளேடு - 1' மட்டும். நீளம், அகலம், கனம், அங்குலத்துக்கு எத்தனை பல், பைமெட்டலா சாதா கார்பன் இரும்பா, எல்லாம் பில்லில் எழுதி வாங்குங்க. பிழைப்புக்காகச் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறவர்களுக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். எழுதாத பில்லோடு போனால் பேச்சு எடுபடுவது கஷ்டம்.