‘மேனேஜிங் அக்ராஸ் பார்டர்ஸ்’: இன்றும் காசு கொடுத்து வாங்கலாமா?

கிறிஸ்டோபர் பார்ட்லெட்டும் சுமந்திர கோஷலும் எழுதி 1989இல் வெளிவந்த, பன்னாட்டு நிறுவனங்களின் நிர்வாகம் பற்றிய நூல். கொல்கத்தாவில் பிறந்த கோஷல் இந்தியன் ஆயிலில் வேலை பார்த்த பிறகே எம்ஐடி, ஹார்வர்டு இரண்டிலும் முனைவர் பட்டம் பெற்றார். கம்பெனிக்குள் முடிவுகள் எப்படி இழுபறியாகின்றன என்பதை அறிந்தவரின் கை பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

மூன்று தொழில்துறைகள், ஒன்பது நிறுவனங்கள். ஒவ்வொரு துறையிலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பானிலிருந்து ஒவ்வொன்று. நூலின் பலமே இந்த ஒப்பீட்டுத் தேர்வுதான்; முனைவர் பட்ட ஆய்வைத் திட்டமிடுபவர் இதை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

நெதர்லாந்தின் மின்னணு நிறுவனமான பிலிப்ஸ் பற்றிய பகுதிகளை நிறுத்திப் படியுங்கள். அங்கே நாட்டுக் கிளைகளுக்கு அதிகாரம் அதிகம். உள்ளூர்ச் சந்தையை நன்றாகப் புரிந்துகொண்டன. ஆனால் தாய் நிறுவனம் வி2000 வீடியோ கருவியைக் கொண்டுவந்தபோது வட அமெரிக்கக் கிளை அதை ஏற்காமல், போட்டியாளரின் விஎச்எஸ் கருவியை விற்றது. ஜப்பானிய மின்னணு நிறுவனமான மட்சுஷிடாவில் (இன்றைய பானாசோனிக்) நேர்மாறு: எல்லாம் ஜப்பானில் முடிவாகும், செலவு குறையும், வெளிநாட்டுக் கிளைகள் சொந்தமாக யோசிக்கப் பழகாது.

கிளைகளின் உள்ளூர்ப் புரிதல், மையத்தின் செலவுச் சிக்கனம் இரண்டையும் சேர்த்த ‘டிரான்ஸ்நேஷனல்’ அமைப்பே தீர்வு என்கிறார்கள். இந்த இடத்தில்தான் நூல் தளர்கிறது. ஒன்பதில் எதுவும் அந்த நிலையை முழுமையாக எட்டவில்லை. ஆகவே அதை நிரூபணமான முடிவாக அல்ல, இலக்காகவே மேற்கோள் காட்ட வேண்டும்.

சீன நிறுவனங்களையோ இணையத் தளங்களையோ ஆராய்பவருக்கு இது மட்டும் போதாது. தலைமையகத்துக்கும் கிளைக்கும் உள்ள உறவே தலைப்பு என்றால், தயங்காமல் வாங்குங்கள்.