உப்புக்காற்றில் ஹிமாலயன்: பழைய 411-ஆ, புதிய 450-ஆ?

கடலூர், புதுச்சேரி பக்கம் டூரிங் வண்டி தேடுபவர்கள் பலரும் கடைசியில் இந்த இடத்தில் வந்துதான் நிற்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ எடுத்துவிட்டு மிச்சப் பணத்தை ஊர் சுற்ற வைத்துக்கொள்வதா? இல்லை, கொஞ்சம் கடன் போட்டாவது புதிய 450-ஐ எடுத்துவிடுவதா? நான் 411 எடுத்தேன். அதனால் இந்த அலசல் தராசு முள் போல நடுவில் நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்களை மட்டும் வைத்தால் போட்டியே கிடையாது. 2016-ல் வந்த 411-க்குக் காற்றும் ஆயிலும்தான் குளிர்ச்சி. 24 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், 32 நியூட்டன் மீட்டர் இழுவை, 5 கியர். 2023 நவம்பரில் வந்த 450-ல் 452 சிசி என்ஜின், கூலன்ட் ஓடும் ரேடியேட்டர், 40 பிஎஸ் குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர், 6 கியர். எடை 199 கிலோவிலிருந்து 196-க்கு இறங்கியிருக்கிறது. டேங்க் 15 லிட்டரிலிருந்து 17 ஆகியிருக்கிறது. ஷோவா கம்பெனியின் தலைகீழ் ஃபோர்க் (முன்பக்க சஸ்பென்ஷன்), எல்இடி ஹெட்லைட், கூகுள் மேப் காட்டும் வட்டத் திரை எல்லாம் சேர்ந்து வருகின்றன. 411-ன் ஹாலஜன் விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரியில் மரக்காணம் தாண்டி ஈசிஆரில் ஓட்டியவர்களுக்கு அந்த எல்இடியின் அருமை தெரியும்.

திண்டிவனம் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் ஏறினால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 411 தொண்ணூறில் சுகமாகப் போகும். நூறைத் தாண்டினால் ஹேண்டிலிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு ஏறும். அதே வேகத்தில் 450 இன்னும் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்பது போல ஓடும். மாதம் ஒருமுறை பெங்களூரு போய் வருகிறவர் என்றால் இதற்கு மேல் படிக்காமல் 450-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

மலையில் கதை வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆள், பக்கத்தில் பெட்டி என்று ஏறும்போது 411 இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். அதன் இழுவை கீழ் ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. 450-ஐ அந்த வளைவுகளில் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தே வைத்திருக்க வேண்டும். விட்டால் ஹாஃப் கிளட்ச் கேட்கும். இதை நண்பர் வண்டியில் ஏறியிறங்கிப் பார்த்த அளவில் சொல்கிறேன். நாள்பட ஓட்டிப் பழகினால் கைக்கு வந்துவிடலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேகமும் இல்லை, மலையும் இல்லை. பராமரிப்பு. அதுவும் கடலோரத்துப் பராமரிப்பு.

தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி விளக்க வேண்டாம். ஜன்னல் கம்பி, கேட்டுக் கொண்டி, எதையும் விடாது. ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கும் அலுமினியத் தகடுகள் நாலைந்து வருடத்தில் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டரும் அதே மாதிரி மெல்லிய தகடுகளால் ஆனதுதான். முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று, வருகிற மணல், சேறு, உப்பு அத்தனையையும் முகத்தில் வாங்குகிறது. சரி, 411-லும் முன்னால் ஒரு ஆயில் கூலர் இருக்கிறது, அதுவும் அலுமினியம்தான். ஆனால் அது சின்னது. தனியாக ஃபேன் இல்லை, வாட்டர் பம்ப் இல்லை, ஹோஸ் குழாய்களின் கூட்டம் இல்லை. கெட்டுப்போகக்கூடிய இடங்களின் எண்ணிக்கையே குறைவு.

அப்புறம் வயரிங். மழைக்காலம் முடிந்து சீட்டைக் கழற்றிப் பார்த்தால் கனெக்டர்களின் உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். உப்பு ஊரில் இது எந்த வண்டிக்கும் உண்டு. 411-ல் ஆக்ஸிலரேட்டர் வெறும் கேபிள். அறுந்தால் எந்த ஊரிலும் மாற்றிவிடலாம். 450-ல் ஆக்ஸிலரேட்டரே மின்சாரத்தில்தான் பேசுகிறது. கைப்பிடியில் சென்சார், த்ராட்டில் பாடியில் மோட்டார். அது சுகமான ஏற்பாடு, அதனால்தான் ரைடிங் மோடெல்லாம் கிடைக்கிறது. ஆனால் சென்சார் கூடக்கூடக் கனெக்டரும் கூடுகிறது. ஐப்பசி மழைக்கு முன்பு ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுத்தம் செய்து ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடும் என்னைப் போன்ற ஆளுக்கு அது பெரிய கணக்கு.

மூன்றாவது விஷயம், வண்டியை யார் திறக்க முடியும் என்பது. 411-ன் என்ஜினில் ஒரு கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), இரண்டு வால்வு. டாப்பெட் கேப்பை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய முடியாத அளவுக்கு எதுவும் மறைந்திருக்காது: மேல் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்து, ஸ்குரூவைத் திருப்பி நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. 450-ல் இரண்டு கேம்ஷாஃப்ட், நாலு வால்வு. இடைவெளி மாறியிருந்தால் கேம்ஷாஃப்டையே வெளியே எடுத்து, சரியான கனத்தில் ஷிம் என்ற சின்ன உலோகத் தகட்டைப் போட வேண்டும். அந்த வேலை அடிக்கடி வராது என்பது உண்மை. வரும்போது தெருமுனை மெக்கானிக்கால் ஆகாது என்பதும் உண்மை. திருப்பாதிரிப்புலியூரில் நான் வண்டி விடும் அண்ணனிடம் இரண்டையும் பற்றிக் கேட்டேன். “தம்பி, அதையும் பிரிச்சிடுவேன். மூடுறதுக்குத்தான் லேப்டாப் வேணும்” என்று சிரித்தார்.

பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம் நியாயமானது. எனக்கும் இருந்தது. அதே என்ஜின் ஸ்க்ராம் 411-லும் ஓடியது. 2025-ல் வந்த ஸ்க்ராம் 440-ன் என்ஜினும் இதே குடும்பத்தில் சிலிண்டர் துளை பெரிதாக்கப்பட்டதுதான். அதனால் என்ஜின் சாமான்களுக்கு உடனே தட்டுப்பாடு வராது என்று நினைக்கிறேன். டேங்க், மீட்டர் மாதிரி இந்த வண்டிக்கே உரிய பாகங்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

450 பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டியது டயர். பிற்பாடு வந்த ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரம் எடுத்தால் பஞ்சர் ஒட்டுவது பத்து நிமிட வேலை. 411-ல் ட்யூப். விருத்தாசலம் ரோட்டில் நட்டநடு வெயிலில் பின்சக்கரத்தைக் கழற்றுவது சுகமான அனுபவம் இல்லை. சீட் உயரம் மட்டும் என்னைப் போன்ற குட்டையானவர்களுக்கு 411-க்குச் சாதகம்: இது 800 மில்லிமீட்டர், அது குறைத்து வைத்தாலும் 825.

விலையில் ஒரு சங்கதி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. புது 450-ன் விலை ஏற, பழைய 411 வைத்திருப்பவர்களும் விலையில் இறங்கிவரத் தயங்குகிறார்கள். பேரம் பேசத் தயாராகப் போங்கள்.

411 தேடுவதென்றால் 2016-ன் கார்புரேட்டர் மாடலைத் தவிர்த்துவிடலாம். அதைப் பற்றி அப்போதே புகார்கள் நிறைய. 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதியும் உண்டு. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இருபக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கொக்கி போல் மாட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம்.

நம் பகுதியில் இதைவிட முக்கியமானது வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரித் தெருக்களில் எத்தனை வண்டிகள் மூழ்கி நின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் புகுந்தது. அந்த வண்டிகளில் சில கழுவிப் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடி மூலையைத் தடவிப் பாருங்கள், வண்டல் மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஸ்போக் நிப்பிள்களில் ஒரே உயரம் வரை துரு, என்ஜின் ஆயில் வெளுத்துக் கலங்கியிருப்பது, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

புதுச்சேரியின் பிஒய் பதிவெண் வண்டி கொஞ்சம் மலிவாகத் தெரிந்தால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். கடலூர் முகவரிக்கு மாற்ற அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப வரியும் கட்ட வேண்டும். கடன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஆர்சியில் அந்தக் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்.